பால் ரோப்சன் பெஞ்சில் உட்கார்ந்த நாள்

சென்ற மாதம் அம்மா வீட்டுச் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது என் பழைய காற்பந்து பூட்ஸ் அகப்பட்டது. ஒரு பக்கத்து அடிப்பாகம் பிளந்து போயிருந்தது. வீசிவிடலாமா என்று அம்மா கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதை நான் கடைசியாக அணிந்தது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது. ஒரு போட்டிக்கு முந்திய நாள் ஒட்டிய பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறு வாரம் பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. என்னை யாரும் தேடி வரவுமில்லை. என் காற்பந்து வாழ்க்கை அவ்வளவுதான்.

அந்தக் கோபத்தோடு நூலகத்தில் பொழுதைக் கழித்த நாள்களில்தான் பால் ரோப்சனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். அதுவரை அவர் எனக்கு ஒரு குரல் மட்டுமே. அப்பாவிடம் இருந்த ஒலிநாடாவில் மிசிசிப்பி ஆற்றைப் பற்றி அடிவயிற்றிலிருந்து பாடும் அந்தக் கனத்த குரல். அவர் முதலில் ஒரு பல்கலைக்கழகக் காற்பந்து வீரர் என்பதும், அந்த அணியில் அவர் பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட நான் படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் ஆடிய அணி, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ரட்கர்ஸின் அணி. அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து தொடங்கிய இடம் என்று அந்த அணி பெருமை பேசிக்கொள்ளும். 1869 நவம்பர் 6ஆம் நாள் நியூ பிரன்ஸ்விக் நகரில், ரட்கர்ஸ் மாணவர்களும் பக்கத்து ஊரான பிரின்ஸ்டனின் கல்லூரி மாணவர்களும் மோதினார்கள். ஒரு பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. பார்த்தால், இன்று நாம் ஆடும் காற்பந்துக்குத்தான் அது நெருக்கம். சீருடை எதுவும் கிடையாது. ஆளை அடையாளம் கண்டுகொள்ள ரட்கர்ஸ் மாணவர்கள் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். ஆறுக்கு நான்கு என்று ரட்கர்ஸ் வென்றது. அந்த வழியாக வந்த பேராசிரியர் ஒருவர் இந்தத் தள்ளுமுள்ளைக் கண்டு குடையை ஆட்டி, நீங்கள் யாரும் உருப்படப் போவதில்லை என்று திட்டினார் என்றொரு கதையும் உண்டு.

அந்தச் சிவப்பு நிறம் இன்றுவரை ரட்கர்ஸை விடவில்லை. அணிக்கு இப்போதுள்ள சிவப்பு வீரர்கள் என்ற பெயர் 1955இல்தான் வந்தது. அதற்கு முன் சில காலம் சேவல் சின்னமாக இருந்தது. பிரின்ஸ்டனோடு இருந்த பகையும் ஒரு மரபுதான். 1875இல் பிரின்ஸ்டன் வளாகத்தில் இருந்த பழைய பீரங்கி ஒன்றை ரட்கர்ஸ் மாணவர்கள் இரவோடு இரவாகக் கடத்தி வந்தார்கள். கொண்டுவந்த பீரங்கி தாங்கள் தேடிப்போன பீரங்கியே இல்லை என்பது வேறு விஷயம். பிரின்ஸ்டனில் சிமெண்டுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பீரங்கிக்கு இரவில் போய்ச் சிவப்புச் சாயம் பூசிவிட்டு ஓடிவரும் வழக்கமும் உண்டு. ஆனால் திடலில் கதை வேறு. அந்த முதல் வெற்றிக்குப் பிறகு காற்பந்தில் பிரின்ஸ்டனை மறுபடி வெல்ல ரட்கர்ஸுக்கு 69 ஆண்டுகள் ஆயின. 1938இல் புதிய அரங்கத்தைத் திறந்த நாளில், 20க்கு 18 என்று வென்றார்கள்.

ரோப்சன் பிறந்தது அந்தப் பிரின்ஸ்டன் ஊரில்தான், 1898 ஏப்ரல் 9ஆம் நாள். அப்பா வில்லியம் ட்ரூ ரோப்சன் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். 15 வயதில் தப்பி ஓடி வடக்கே வந்து, படித்து, தேவாலயப் போதகர் ஆனவர். தேவாலயத்தை விட்டு அவரை வெளியேற்றியபோது, குதிரை வண்டி ஓட்டியும் வீடுகளின் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டும் பிள்ளைகளை வளர்த்தார். பாலுக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே அம்மா இறந்துபோனார். அடுப்புக் கரி உடையில் பட்டுப் பற்றிய தீயில் நேர்ந்த மரணம் அது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அப்போது கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. பிறந்த ஊரின் பல்கலைக்கழகக் கதவு திறக்காது என்று தெரிந்தே வளர்ந்த பையன் அவர்.

அப்பா மதிப்பெண் விஷயத்தில் கறார். ஏழு பாடத்தில் ஏ வாங்கி ஒன்றில் பி வாங்கினால், அந்த ஒன்று ஏன் தவறியது என்றுதான் முதலில் கேட்பாராம். நம் வீடுகளில் கேட்கும் அதே கேள்விதான்.

மாநில அளவில் ஒரு தேர்வு வைத்து ரட்கர்ஸ் கல்லூரிக்கு நான்கு ஆண்டு உபகாரச் சம்பளம் தருகிறார்கள் என்பது பாலுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. போட்டியிட்ட மற்ற மாணவர்கள் முதல் மூன்று ஆண்டுப் பாடங்களுக்கான தேர்வை முன்னரே எழுதி முடித்திருந்தார்கள். பால் நான்கு ஆண்டுப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியிருந்தது. எழுதினார். முதலாவதாக வந்தார். 1915இல் அவர் உள்ளே நுழைந்தபோது, ரட்கர்ஸின் வரலாற்றில் அங்கே சேர்ந்த மூன்றாவது கறுப்பின மாணவர் அவர். அந்த நேரத்தில் வளாகத்தில் இருந்த ஒரே கறுப்பின மாணவரும் அவர்தான்.

அமெரிக்கர்கள் காற்பந்து என்று சொல்வது அதற்குள் வேறு விளையாட்டாக மாறியிருந்தது. நம் ஊர் ரக்பியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், முன்னால் எறியலாம், ஓடுகிறவரைக் கட்டிப் பிடித்து விழுத்தலாம். தாக்குவதற்கு ஓர் அணி, தடுப்பதற்கு ஓர் அணி என்ற பிரிவு அப்போது கிடையாது. அதே 11 பேர்தான் முழு ஆட்டமும். பாதுகாப்புக் கவசம் என்று இருந்ததெல்லாம் கொஞ்சம் தோலும் துணியும். ஆறடி மூன்று அங்குல உயரமும் அதற்கேற்ற உடம்பும் கொண்ட பால், வரிசையின் ஓரத்தில் நிற்கும் எண்ட் என்ற இடத்துக்குப் பொருந்தியவர். எதிரணி ஓரமாகச் சுற்றிக்கொண்டு ஓடாமல் தடுப்பதும், தன் அணி பந்தை எறியும்போது ஓடிப்போய்ப் பிடிப்பதும் அவர் வேலை.

அணித் தேர்வுக்குப் போன முதல் நாள் நடந்ததைப் பிற்காலத்தில் அவரே செய்தியாளரிடம் விவரித்திருக்கிறார். ஒரு கறுப்பினத்தவரோடு ஆட விரும்பாத சக மாணவர்கள் பயிற்சி ஆட்டத்தில் அவர்மேல் குவிந்தார்கள். மூக்கு உடைந்தது. தோள்பட்டை நிலை தவறியது. பத்து நாள் படுக்கையில் கிடந்தார். விட்டுவிடலாமா என்று நினைத்தபோது பார்க்க வந்த அண்ணன், விடுவதென்றால் விடு, ஆனால் நம் குடும்பத்தில் ஒருவன் பாதியில் விட்டான் என்று கேட்க அப்பா விரும்பமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ உனக்காக மட்டும் அங்கே போகவில்லை, உன் பின்னால் வர விரும்பும் பையன்களுக்காகவும்தான் போயிருக்கிறாய் என்பது அப்பா அவருக்கு முன்பே ஊட்டியிருந்த பாடம்.

திரும்பிப் போனார். இந்த முறை கீழே விழுந்து கிடந்தபோது ஒருவர் ஆணி வைத்த பூட்ஸால் அவருடைய கைமேல் ஏறி மிதித்தார். விரல் நகங்கள் பெயர்ந்தன. அடுத்த ஆட்டத்தில், வலி பொறுக்காத கோபத்தில், குறுக்கே வந்தவர்களைத் தள்ளிவிட்டு, பந்தோடு ஓடி வந்தவரை அப்படியே தலைக்குமேல் தூக்கிவிட்டார். தரையில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அந்த நேரத்தில் பயிற்றுநர் ஜார்ஜ் ஃபாஸ்டர் சான்ஃபோர்ட், உனக்கு அணியில் இடம் உண்டு என்று உரக்கக் கத்தினார். அப்படித்தான் ரோப்சன் ரட்கர்ஸ் அணிக்குள் வந்தார்.

இந்தக் காட்சியை வீரக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஓர் இளைஞன் கொலை செய்யும் நிலைக்குப் போன பிறகுதான் அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதே உடம்பும் அதே வேகமும் முதல் நாளும் அவரிடம் இருந்தனவே.

இனி அந்தப் பெஞ்சுக்கு வருகிறேன்.

1916ஆம் ஆண்டு ரட்கர்ஸுக்கு 150வது ஆண்டு. கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாக அக்டோபர் 14ஆம் நாள் ஓர் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. எதிரணி, தெற்கே வர்ஜீனியா மாநிலத்திலிருந்து வந்த வாஷிங்டன் அண்ட் லீ. அந்தப் பெயரிலுள்ள லீ, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் படைத் தளபதி. போருக்குப் பிறகு அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்து, அங்கேயே அடக்கமானவர். ஒரு கறுப்பினத்தவர் இறங்கினால் நாங்கள் ஆடமாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். தென் மாநில அணிகளிடையே அது வழக்கமான நிபந்தனை. வட மாநிலக் கல்லூரிகள் பலவும் அதற்கு இணங்குவது வழக்கம். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

ரட்கர்ஸும் இணங்கியது. விருந்தினர்கள் கூடியிருந்த விழா நாளில், அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டார். ஆட்டம் 13க்கு 13 என்று சமநிலையில் முடிந்தது.

இதை முதலில் படித்தபோது எனக்கு ரோப்சன்மேலேயே கோபம் வந்தது. ஏன் சும்மா உட்கார்ந்தார்? சீருடையைக் கழற்றிப் பயிற்றுநரின் காலடியில் எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டாமா? அன்று எனக்கு வயது இருபது. நான் செய்ததும் அதுதான் என்பதால் அதுவே சரி என்று பட்டது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். என் பெயர் விடுபட்டதற்கு ஒரு சின்னக் காரணம் இருந்திருக்கலாம், நான் சரியாக ஆடவில்லை என்பதுகூட அதுவாக இருக்கலாம். நான் விலகியபோது ஒருவரும் எதையும் இழக்கவில்லை. அவர் விலகியிருந்தால், முதல் நாள் மூக்கை உடைத்தவர்கள் விரும்பியது நடந்து முடிந்திருக்கும். அதோடு உபகாரச் சம்பளத்தில் படிக்கும் 18 வயது மாணவர், வயதான அப்பா, அந்தக் காலம். அவர் உட்கார்ந்ததில் அடங்கிப்போதல் இருந்ததா, கணக்கு இருந்ததா, வெறும் வேதனைதானா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் இருந்திருக்கலாம்.

சில வாரங்களுக்குப் பிறகு மேற்கு வர்ஜீனியா அணி வந்தது. அவர்களும் அதே நிபந்தனையை வைத்தார்கள். இந்த முறை சான்ஃபோர்ட் முடியாது என்று சொல்லிவிட்டார். ரோப்சன் இறங்கினார். ஆட்டம் கோல் எதுவுமின்றி 0க்கு 0 என்று முடிந்தது. அதே பயிற்றுநர், அதே ஆண்டு, அதே கேள்வி. முதல் முறை ஒரு பதில், இரண்டாம் முறை இன்னொரு பதில். சான்ஃபோர்டின் மனம் எதனால் மாறியது என்று ரோப்சனின் பெயரைத் தேடிப் போன நான் அதிகம் யோசித்ததுண்டு. எப்படியும், முடியாது என்று சொல்லியும் எதிரணி ஆட இறங்கியது என்பதைக் கவனியுங்கள். முதல் முறையும் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

அடுத்த இரண்டு பருவங்களில் ரோப்சன் நாடறிந்த ஆட்டக்காரர் ஆனார். 1917இல் நியூபோர்ட் கடற்படைச் சேமப்படையின் அணி நியூயார்க்கில் ரட்கர்ஸைச் சந்தித்தது. பல்வேறு கல்லூரிகளின் முன்னாள் நட்சத்திரங்கள் நிறைந்த அணி அது. மாணவர் அணி தோற்கும் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ரட்கர்ஸ் 14க்கு 0 என்று வென்றது, மறுநாள் பத்திரிகைகளில் ரோப்சனின் பெயர்தான் பெரிதாக இருந்தது. 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டும் நாட்டின் மிகச் சிறந்த 11 கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அனைத்து அமெரிக்க அணிப் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அமெரிக்கக் காற்பந்தின் தந்தை எனப்படும் வால்டர் கேம்ப் அவரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார்.

காற்பந்தோடு அவர் நிற்கவில்லை. கூடைப்பந்து, பேஸ்பால், திடல்தடம் என்று நான்கு விளையாட்டுகளில் கல்லூரிக்காக ஆடி, ஒரு டஜனுக்குக் குறையாத விருது எழுத்துகளைப் பெற்றார். கல்லூரியின் முதல் எழுத்தைச் சட்டையில் தைத்துக்கொள்ளக் கொடுப்பது அங்குள்ள வழக்கம். கோடை விடுமுறையில் ரோட் தீவிலுள்ள கடற்கரை விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். பேச்சுப் போட்டிகளில் தொடர்ந்து பரிசு வாங்கினார். 1918 மே மாதம் அப்பா இறந்தபோது, சில நாளில் ஒரு பேச்சுப் போட்டி இருந்தது. பங்கெடுக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. போனார், பேசினார், பரிசும் பெற்றார்.

ஆனால் கல்லூரிப் பாடகர் குழுவில் அவர் நிலை வேறு. பின்னாளில் உலகையே கட்டிப்போட்ட அந்தக் குரல், வளாகத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளில் மட்டும் ஒலிக்கலாம். குழு வெளியூர் போனால் அவர் போக முடியாது. பாட்டுக்குப் பிறகு விருந்தும் நடனமும் இருக்கும், அங்கே கறுப்பினத்தவர் ஒருவர் நிற்பது சரிப்படாது. காற்பந்தாட்டம் முடிந்ததும் அணி உணவருந்தப் போகும் இடங்களிலும் இதே சங்கடம்தான். ஓர் அணியில் இருப்பதும் அணியினராக ஏற்கப்படுவதும் வேறுவேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14வது திருத்தம். எல்லாக் குடிமக்களுக்கும் சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பு உண்டு என்று சொல்லும் திருத்தம் அது. அதைத் தூங்கும் அரக்கன் என்று அவர் வருணித்தார். எழுதியது 1919இல். உச்ச நீதிமன்றம் அதே திருத்தத்தை வைத்துப் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்தது 1954இல். சட்டம் படிக்க நினைக்கும் மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

1919 ஜூனில் பட்டமளிப்பு. வகுப்பின் சார்பில் மேடையேறிப் பேசியவர் ரோப்சன். 1940க்குள் நியூ ஜெர்சியின் ஆளுநராகிவிடுவார் என்று வகுப்புத் தோழர்கள் ஆருடம் எழுதினார்கள்.

பட்டமளிப்புக்குச் சில நாள் முன்பு கல்லூரித் தலைவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் டிக்சன் கார். 1892இல் ரட்கர்ஸில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர், அப்போது நியூயார்க்கில் வழக்கறிஞர். வாஷிங்டன் அண்ட் லீ ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டரை ஆண்டு கழித்து, எல்லாரும் ரோப்சனைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், என் கல்லூரி தன் கொள்கையை விற்றுவிட்டது என்ற பொருள்பட அவர் கண்டித்து எழுதினார். சமநிலையில் முடிந்த ஒரு பழைய ஆட்டத்துக்காக யார் இவ்வளவு நாள் கழித்துக் கடிதம் எழுதுவார்? அவருக்கு முன்னும் பின்னும் அங்கே படித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ரட்கர்ஸின் மரபு என்று பீரங்கியையும் சிவப்புத் தலைப்பாகையையும் சொல்கிறவர்கள் இந்தக் கடிதத்தையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அதன்பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கொலம்பியாவில் சட்டம் படித்தார், செலவுக்குத் தொழில்முறைக் காற்பந்து ஆடினார். வழக்கறிஞர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளர் ஒருவர், கறுப்பினத்தவர் சொல்வதை எழுதமாட்டேன் என்று மறுத்ததும் அந்தத் தொழிலை விட்டார். பாதியில் விட்டது என்று சொன்னால் அது ஒன்றுதான். அங்கிருந்து நாடகம், இசை, திரைப்படம். 1943இல் பிராட்வேயில் அவர் ஒத்தெல்லோவாக நடித்த நாடகம் 296 முறை அரங்கேறியது. லண்டனில் இருந்தபோது நேருவோடும் கிருஷ்ண மேனனோடும் பழகி, இந்திய விடுதலைக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். கறுப்பினத்தவர் உரிமைக்காகவும் சோவியத் யூனியனை ஆதரித்தும் பேசினார். சோவியத் ஆட்சியின் கொடுமைகளைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தது அவருடைய குறை என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்க அரசு 1950இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. எட்டு ஆண்டு அவரால் வெளிநாடு போக முடியவில்லை. உள்நாட்டில் அரங்குகள் கதவை மூடின.

அந்த ஆண்டுகளில்தான் அந்தப் பழைய பெஞ்சு மறுபடி வந்தது. 1950 வாக்கில் வெளியான கல்லூரிக் காற்பந்துத் தொகுப்பு நூல் ஒன்றில், 1918ஆம் ஆண்டின் அனைத்து அமெரிக்க அணியில் பத்து பெயர்கள் மட்டுமே இருந்தன. பதினோராவது ஆளின் இடத்தில் ஒருவரும் இல்லை. வேறு பெயரைப் போட்டு நிரப்பக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. பத்துப் பேரைக் கொண்டு எந்த அணியும் ஆட்டத்தைத் தொடங்காது என்பது காற்பந்து தெரிந்த யாருக்கும் தெரியும்.

ரோப்சன் 1976 ஜனவரி 23ஆம் நாள், 77 வயதில், ஃபிலடெல்ஃபியாவில் காலமானார். கல்லூரிக் காற்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 1995இல். இறந்து 19 ஆண்டு கழித்து, கடைசியாக ஆடி 77 ஆண்டு கழித்து.

அவர் பட்டம் பெற்ற நூறாவது ஆண்டான 2019இல், ரட்கர்ஸ் தன் பழைய வளாகத்தில் பால் ரோப்சன் சதுக்கம் ஒன்றைத் திறந்தது. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் எட்டுக் கருங்கல் பலகைகள் அங்கே நிற்கின்றன. அதே வளாகத்தில்தான் 1869இல் 50 பேர் பந்தைத் துரத்திய அந்த முதல் திடலும் இருந்தது. இப்போது அங்கே உடற்பயிற்சிக் கூடமும் வாகன நிறுத்துமிடமும் இருக்கின்றன.

என் பூட்ஸை அம்மா இன்னும் வீசவில்லை. பிளந்த அடிப்பாகத்தை ஒட்டித் தர முடியுமா என்று சந்தைப் பக்கம் இருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கேட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.